காதில் இல்லாத குளிகை

கதவு படாரென்று சுவரில் மோதித் திறந்தது. உள்ளே பாய்ந்த லியோனா, கையிலிருந்த கண்ணாடி ஜாடியை மேசைமேல் வைத்தாள். மறு கை ஆறு மாத வயிற்றை அணைத்திருந்தது.

"டாக்டர், இந்த மீனைப் பாருங்க! வயிறு பூரா முட்டை. நெத்தியில மட்டும் ஆண் மீனுக்கு வர்ற புடைப்பு. ஓடை முழுக்க இப்படித்தான். எங்க கிணறும் அந்தக் கரையிலதான் இருக்கு. என் குழந்தைக்கு என்ன ஆகுமோ?"

கால்நடை மருத்துவத்தை விட்டுத் துப்பறிய வந்த கோல்டர்மன், ஜாடியை வெளிச்சத்தில் திருப்பினார். கூட்டாளி டாயில் எட்டிப் பார்த்து முகம் சுளித்தான்.

"மாட்டைக் கொழுக்க வைக்கிற ஆண் ஹார்மோன்," என்றார் கோல்டர்மன். "சாணத்தோட வழிஞ்சு வந்திருக்கு. ஓடைக்கு மேல்பக்கம் யார் பண்ணை?"

"வாஸ் பண்ணைதான். ஆனா ஹார்மோன் இல்லாத மாடுன்னு சொல்லித்தானே அவர் விக்கிறார்! என் புருஷன் டாரல்தான் அங்க மேஸ்திரி."

"உங்க வீட்ல என்ன சமையல்?"

லியோனா விழித்தாள். "கோழி. நான் உண்டானதுலேர்ந்து டாரல் மாட்டுக்கறியே வாங்கறதில்ல. எனக்கு ஒத்துக்காதாம்."

பண்ணையில் வாஸ் பெருங்குரலில் சிரித்தார். "நல்லா தடவிப் பாருங்கய்யா! ஹார்மோன் குளிகையைக் காதுத் தோலுக்கடியிலதான் வைப்பாங்க. அறுக்கும்போது காதை வெட்டி எறிஞ்சிடுவாங்க. கறியில மருந்து சேராது. வாங்க வர்றவனும் காதைத்தான் தடவுவான். என் மாட்டுக் காதுல ஒரு கட்டியைக் காட்டுங்க, பண்ணையையே எழுதித் தர்றேன்!"

டாயில் காது காதாகத் தடவினான். ஒன்றுமில்லை. மாடுகளும் அசையாமல் நின்றன. கோல்டர்மன் ஒரு காளையின் கழுத்தைத் தொட்டார். அது துள்ளிப் பின்வாங்கியதில் கம்பிவேலி அதிர்ந்தது. கூட வந்திருந்த லியோனா வேலியிலிருந்து விலகினாள். அடுத்த காளையும் அப்படியே துள்ளியது.

"சார், கழுத்துல..."

"வாயை மூடிட்டு வா, டாயில்."

அன்று மதியம் லியோனாவின் சமையலறையில் வாஸும் டாரலும் உட்கார்ந்திருந்தார்கள். அரைத்த கறியில் சுட்ட பர்கர்களை டாயில் பரிமாறினான். கோல்டர்மன் முன்பே அவள் காதில் ஓதியிருந்தார்: "வாய் வரைக்கும் கொண்டு போம்மா. கடிச்சிடாத."

"காது காலி. ஆனா ஓடையில மருந்து இருக்கு. அப்போ குளிகை உடம்புல வேற எங்கயோ இருக்கு," என்றார் கோல்டர்மன். "எங்கன்னு வச்சவருக்குத் தெரியும். அவர் இந்த மேசையிலதான் இருக்கார். சரி, சாப்பிடுங்க. எல்லாம் வாஸ் பண்ணைக் கறி."

"என் கறிக்கு ஈடு ஏது!" என்று வாஸ் ஒரு பெரிய கடி கடித்தார்.

டாரல் தட்டைத் தொடவில்லை. லியோனா பர்கரை எடுத்தாள். இவராக இருக்கக் கூடாதே என்று கணவனையே பார்த்தபடி உதட்டருகே கொண்டு போனாள்.

நாற்காலி கவிழ டாரல் எழுந்து, அவள் கையைத் தட்டிவிட்டான்.

"கடிக்காத, லியோனா! கழுத்துக்கறியைத்தான் அரைப்பாங்க... குளிகையை நான் அங்கதான் வச்சேன்!"