பச்சோந்திக்கு ஒரு வீடு

"வண்டியை நிறுத்துங்க."

"எதுக்குங்க? விறகு வேணுமா?"

"அந்தக் கொப்பு மட்டும் வேணும்."

"டீச்சரம்மா, இது நடுத்தெரு. பின்னால எம்புட்டு வண்டி நிக்குது பாருங்க."

"நிக்கட்டும்."

அன்று முதலில் பேசியது இவ்வளவுதான். ஆனாலும் தங்கம் அதைத் தனக்குள் எத்தனை முறை சொல்லிப் பார்த்துவிட்டாள்... முப்பத்தேழாம் வருஷத்து ஐப்பசி அது. மதுரையில் மிஷன் பெண்கள் பள்ளியில் அவள் டீச்சர். குடையும் புத்தகமுமாகப் பள்ளி விட்டு வந்தவள், கீழவெளி வீதியில் வாகை மரம் ஏற்றி வந்த மாட்டு வண்டியை மறித்துவிட்டாள். மாட்டுக்கென்று மேலே போட்டிருந்த தழையில் விரல் நீளத்தில் ஒரு பச்சோந்திக் குஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் ஒரு கண் அவளைப் பார்த்தது. இன்னொரு கண் வண்டிக்காரனைப் பார்த்தது. அவனும் அவளும் பார்த்துக்கொள்ளக் கூடாது என்று யார் சொன்னது?

வண்டிக்காரன் என்று அவள் நினைத்தவன் அந்த வீதியிலேயே மரப் பட்டறை வைத்திருக்கும் தனிஸ்லாஸ் மேஸ்திரி. கொப்பை இறக்கிக் கொடுத்தான். இதை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டான். அவளுக்குத் தெரியவில்லை. சனிக்கிழமைக்குள் ஒரு வீடு செய்து தருவதாகச் சொல்லிவிட்டு, அவள் பதிலுக்குக் காத்திராமல் மாட்டைத் தட்டினான்.

சொன்னபடி, அவள் வீட்டை விசாரித்துக் கொண்டு வந்தான். தேக்கில் இழைத்த பெட்டி. மூன்று பக்கமும் பலகை, முன்கதவில் சன்னமான கம்பி வலை. எறும்பு ஏறாமலிருக்க நான்கு காலுக்கும் தண்ணீர்க் கிண்ணம். உள்ளே குடிக்க ஒரு பித்தளைக் கிண்ணி, பின்பலகையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. தங்கம் மகிழ்ந்துபோனாள். மகிழ்ச்சி மூன்று நாள்தான் இருந்தது. நாலாம் நாள் குஞ்சு சாம்பல் நிறத்தில் மூலையில் கிடந்தது. கண்கள் குழிந்துவிட்டன. வெட்டுக்கிளியைக் காட்டினால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சாகவிட மாட்டேன் என்று அவள் பெட்டியை ஜட்காவில் ஏற்றிக்கொண்டு பட்டறைக்கே போனாள்.

"மேஸ்திரி, நீங்க செஞ்சது பாலும் தயிரும் கெடாம இருக்கிறதுக்கு அலமாரி. உள்ள குளுகுளுன்னு இருட்டா இருக்கு. உயிருள்ளது இதுல எப்படி இருக்கும்?"

மரம் சீவும் இழைப்புளிச் சத்தம் நின்றது. வேலையாட்கள் தலை நிமிர்த்தினார்கள். அவன் முகம் சிவந்துவிட்டது.

"மதுரையில என் பெட்டியக் குத்தம் சொன்ன ஆளு கெடையாதுங்க."

"இப்ப இருக்கேன். இந்தக் கண்ணாடி எதுக்கு?"

அவன் குரல் இறங்கியது. "ஒத்தையில கெடக்குமேன்னு வச்சேன்..."

சண்டை போட வந்தவள் அந்தக் கண்ணாடியை ஒரு தரம் தொட்டுப் பார்த்தாள். இப்படிக்கூட ஒருவனுக்குத் தோன்றுமா? ஆனாலும் விடாமல் சொன்னாள். "அது தனியா வாழ்ற பிராணி. கண்ணாடியில இன்னொன்னு நிக்குதுன்னு பொழுதுக்கும் கோவத்துல கருத்துப் போகுது. அதுக்குத் துணை ஆகாது."

"உங்களுக்கு?"

கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். பிறகு வேறெதுவும் பேசாமல் உளியை எடுத்துப் பலகைகளைப் பெயர்க்க ஆரம்பித்தான்.

அடுத்த சனிக்கிழமை பெட்டி வேறு பெட்டியாக வந்தது. நான்கு பக்கமும் வலை. பாதிக் கூரை வெயிலுக்குத் திறந்திருக்க, பாதிக்குப் பனையோலை நிழல். குளிர்ந்தால் வெயிலுக்குப் போகும், சுட்டால் நிழலுக்கு வரும் என்றான். அந்தப் பிஞ்சுக் கால் எதைப் பிடிக்கும் என்று பார்த்துப் பார்த்து, சுள்ளி கனத்தில் இரண்டு, விரல் கனத்தில் இரண்டு என்று கிளைகளைச் சாய்த்துக் கட்டியிருந்தான். ஒளிந்துகொள்ள ஒரு பக்கம் அடர்ந்த தழை. முற்றத்தில் வைத்த ஒரு மணி நேரத்துக்குள் குஞ்சு ஏறி உட்கார்ந்து பச்சைக்குத் திரும்பியது. நாக்கு எப்போது போனது, எப்போது வந்தது என்றே தெரியவில்லை... வெட்டுக்கிளியைக் காணோம்.

தண்ணீரை மட்டும் தொடவில்லை. பித்தளைக் கிண்ணி, மண் கிண்ணி, சிரட்டை எல்லாம் வைத்துப் பார்த்தார்கள். இருவரும் கவலையோடு குனிந்திருந்தபோதுதான் மழை பிடித்தது. பெட்டியைத் தூக்க ஓடியவளை அவன் தடுத்தான்.

"கொஞ்சம் இருங்க. அதைப் பாருங்க."

இலை நுனியில் ஒரு துளி தயங்கித் தயங்கி உருண்டது. குஞ்சின் கண் அதன் கூடவே உருண்டது. மெல்ல நகர்ந்து வந்து இலையை நக்கியது. இன்னொரு துளி... இன்னொன்று... அதன் சின்னத் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தபடி இருவரும் நனைந்துகொண்டு நின்றார்கள். அவன் இமை மயிரில் தண்ணீர் கோத்திருந்தது. அதைத் துடைத்துவிடச் சொல்லிக் கை பரபரத்தது அவளுக்கு.

"சும்மா கெடக்குற தண்ணி அது கண்ணுக்குத் தெரியலைங்க. இலையில சொட்டணும். கலயத்துல ஊசித் துளை போட்டுத் திரியச் சொருகி, அடுத்த சனிக்கிழமை கொண்டு வாரேன். அதோட வேலை முடிஞ்சிருச்சு."

முடிஞ்சிருச்சு... அந்தச் சொல்தான் அவளைக் குத்தியது.

மழையில் நின்றதை அப்பாவும் பார்த்திருந்தார். குமாஸ்தா வேலையில் அளந்து பேசிப் பழகிய மனிதர். சாப்பிடும்போது இரண்டே விஷயம் சொன்னார். உசிலம்பட்டியிலிருந்து கம்பவுண்டர் மாப்பிள்ளை வந்திருக்கிறது. நாளை போய் மறு ஞாயிற்றுக்கிழமை மிஷன் கோயிலில் முதல் கல்யாண ஓலை வாசிக்கக் கொடுக்கப் போகிறார். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று மூன்று ஞாயிறு சபையில் வாசித்துவிட்டால் பிறகு தாலிதான். இரண்டாவது விஷயம், அந்த மேஸ்திரி ஆர்.சி. கத்தோலிக்கன், நாம் மிஷன் சபை, வேலை முடிந்ததும் அவன் வரத் தேவையில்லை.

அந்த வாரம் முழுக்கத் தங்கம் கையாலேயே இலைகளில் தண்ணீர் தெளித்தாள். கலயம் சரியில்லை, துளை பெரிது, திரி சிறிது என்று சொன்னால் அவன் இன்னும் நாலு சனிக்கிழமை வருவான். அந்த எண்ணம் வந்ததும் அவளுக்கே வெட்கமாக இருந்தது. தாகத்தில் இருக்கும் ஓர் உயிரைச் சாக்கு வைத்து அவனை வரவழைப்பதா? வீடு குறையில்லாமல் முடியட்டும். கேட்க வேண்டியதை வாயைத் திறந்து கேட்பேன். அவன் மாடு நடுத்தெருவில் நின்ற நாளிலிருந்து நெஞ்சுக்குள் கிடப்பதை, முதல் ஓலைக்கு முன்னால் கேட்டுவிடுவேன் என்று முடிவு செய்தாள்.

சனிக்கிழமை அவன் வந்து கலயத்தைக் கட்டினான். திரி நனைந்து, ஒரு துளி திரண்டு, இலையில் விழுந்தது. குஞ்சு வந்து குடித்தது. துளையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவன் உளியையும் சுத்தியையும் சாக்கில் சுருட்டினான்.

"கல்யாணம்னாக. நல்லா இருங்க."

"யார் சொன்னது?"

"உங்க அப்பாதான். சீர் பீரோ செய்யச் சொல்லி நேத்து பட்டறைக்கு வந்தாக."

"செய்வீங்களா?"

"செய்வேன். நீங்க குத்தம் சொல்லாதபடிக்குச் செய்வேன்."

அவன் அவளைப் பார்க்காமல் சாக்கின் முடிச்சையே இறுக்கிக்கொண்டிருந்தான். எத்தனை தடவை இறுக்குவான்?

"உங்களுக்கு என்கிட்ட கேக்குறதுக்கு ஒண்ணும் இல்லையா?"

"நாலாங் கிளாசு படிச்சவன், கோயிலும் வேற. நான் கேக்குற எடத்துல இல்லைங்க."

உள்ளே அப்பா பேப்பர் படிக்கும் சரசரப்புக் கேட்டுக்கொண்டிருந்தது. தங்கம் குரலைத் தாழ்த்தவில்லை.

"அப்ப நான் கேக்குறேன். நாளைக்கு ஓலை வேண்டாம்னு அப்பாகிட்ட நானே சொல்லிக்கிறேன். உங்க கோயிலுக்கு நான் மாற மாட்டேன், நீங்களும் எங்க கோயிலுக்கு மாற வேண்டாம். அதுக்கு உங்க சாமியார்கிட்ட அனுமதி வாங்க எத்தனை மாசம் ஆனாலும் காத்துக்கிட்டு இருப்பேன்."

பேப்பரின் சரசரப்பு நின்றது. அவன் கையும் முடிச்சில் நின்றது. அவள் உள்கதவை அகலத் திறந்து பிடித்தாள்.

"உள்ள வாங்க. எங்க அப்பாகிட்ட என்னைப் பெண் கேளுங்க... தனிஸ்லாஸ்."