கட் பண்ணாதேங்கோ

“மாது, ஒண்ணு கேக்கணும்.”

“மாமி முறைக்கறா. பாட்டு ஆரம்பிச்சாச்சு. கட் பண்ணாதேங்கோ, லைன்லயே இருங்கோ. இதோ, பாடிட்டு வந்துடறேன்.”

“சரி. நான் எங்க போகப்போறேன்?”

மாதுரியும் அவள் கணவன் சங்கர்ராமும் கடைசியாகப் பேசியது அவ்வளவுதான். பேசிய போனை அணைக்காமலே ஒத்திகைக் கூடத்து உருளிப் பாத்திரத்துக்குள் வைத்துவிட்டு அவள் பாடப் போனாள். பாடி முடித்து எடுத்தபோது அழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றும் ‘கடக், கடக்’ மட்டும். வெலிங்டன் தீவில், கப்பல் கம்பெனி அலுவலக நாற்காலியில், காதில் போனை வைத்தபடியே அவன் இறந்துபோயிருந்தான்.

அதற்குப் பிறகு இன்றுதான் ஒத்திகைக்கு வந்திருக்கிறாள். பாட்டுக் குழுவை நடத்தும் காமாக்ஷி மாமி வீட்டுக்கே வந்து கையைப் பிடித்து அழைத்து வந்திருந்தாள். வீட்டில் எல்லோரும் அவளைப் பாவம் என்று பார்க்கிறார்கள். பாட்டில் மட்டும்தான் அவள் வெறும் மாதுரி. அதையும் விட்டால் அவளுக்குப் போக வேறு இடமில்லை.

மட்டாஞ்சேரிப் படகுத்துறைக்குப் பின்னால், பழைய மிளகுக் கிடங்கின் மாடி. சுக்கும் ஈரச் சாக்கும் மணக்கும் கூடம். வெளியே சாயங்கால மழை. வாசலருகே பெரிய வெண்கல உருளி. செருப்பைக் கழற்றுவது போல எல்லோரும் போனை அணைத்து அதில் போடவேண்டும். மாமி மேலே பித்தளைத் தட்டை வைத்து மூடுவாள். பல வருஷத்துச் சட்டம் அது.

நவராத்திரிக்கான பாட்டு. இரண்டாவது அடி முடிந்ததும் எல்லாக் குரலும் ஒன்றாக நிற்கவேண்டும். நின்றன.

ட்ர்ர்ர்ர்.

தட்டு அதிர்ந்தது.

“யாரோடது?” என்றாள் மாமி. “ஓஃப் பண்ணச் சொன்னா சைலன்ட்ல போடறது. உங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

“என்னோடது அல்ல மாமி,” என்றாள் அம்மிணி. “என் போன் ஆத்துல சார்ஜ்ல கிடக்கு. அதுக்கு என்னைவிட ரெஸ்ட் ஜாஸ்தி.”

சிரிப்பு எழுந்தது. மாமி சிரிக்கவில்லை. எல்லாப் போன்களையும் எடுத்து, ஒவ்வொன்றும் அணைந்திருக்கிறதா என்று பார்த்து, ஒரு துணிப்பையில் போட்டுக் கீழே காவல்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தாள். உருளியைப் பழக்கத்தில் மறுபடி மூடினாள்.

“இனிமே சத்தம் வந்தா நவராத்திரிக்கு மேடை கிடையாது, கேட்டேளா? பாடுங்கோ.”

பாடினார்கள். இரண்டாவது அடி. நின்றார்கள்.

ட்ர்ர்ர்ர்.

யாரும் சிரிக்கவில்லை.

அம்மிணி போய்த் தட்டைத் தூக்கிப் பார்த்தாள். மெதுவாகத் திரும்ப வைத்தாள்.

“காலியா இருக்கு மாமி.”

“எலியா இருக்கும்,” என்றாள் மாமி. “பாடலாம். பாடுங்கோ.”

பாடும்வரை ஒன்றுமில்லை. யாரோ இருமியதில் பாட்டு அறுந்தபோது தட்டு அதிர்ந்தது. மாமி பல்லவியைத் திரும்ப எடுத்தாள், அடங்கியது. மாதுரிக்குப் புரிந்தது. அந்த அதிர்வு பாட்டின் ஆதார ஸ்ருதியிலேயே இருந்தது. பாட்டைக் கேட்டுக் கேட்டுப் பழகிப்போன ஒன்று, பாட்டு நிற்கும்போதெல்லாம் கூப்பிட்டது.

மின்சாரம் போயிற்று.

கூடத்து விசிறிகள் தளர்ந்து நின்றன. பாட்டும் நின்றது. சாம்பல் வெளிச்சத்தில் மழைச் சத்தம் மட்டும்.

பிறகு, தட்டுக்கு அடியிலிருந்து:

கடக். கடக்.

மாதுரி உருளியை நோக்கி நகர்ந்தாள். அந்த விசிறியை அவளுக்குத் தெரியும்.

“மாதுரி, போகாதே டீ,” என்று அம்மிணி அவள் புடவைத் தலைப்பைப் பிடித்தாள். “நாம கீழ இறங்கிடலாம்.”

“காத்துண்டிருக்கார்,” என்றாள் மாதுரி. “நான்தான் இருக்கச் சொன்னேன்.”

தலைப்பை விடுவித்துக்கொண்டாள். உருளியின் முன்னால் மண்டியிட்டாள். தட்டு பனிக்கட்டியாகச் சில்லிட்டிருந்தது. நகர்த்தினாள். உள்ளே ஒன்றுமில்லை, வெண்கலத்தின் வளைவும் இருட்டும்தான். ஆனால் அந்த இருட்டுக்கு அடி தெரியவில்லை.

குனிந்தாள். முகத்தில் பழைய காகிதமும் அவனுடைய முகச்சவர லோஷனும் கலந்த மணம் மோதியது.

“பாடி முடிச்சுட்டேன்,” என்றாள் ரகசியமாக. “என்னமோ கேக்கணும்னேளே. கேளுங்கோ.”

விசிறிச் சத்தம் நின்றது.

யாரோ வெகு நேரம் அடக்கிய மூச்சை விட்டார்கள். அது கூடத்தில் இருந்த யாருடைய மூச்சும் இல்லை.

“மாது.”

அது அவளுக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும் கேட்டது. பின்னால் மாமி சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“பாட்டை நிறுத்தாதே, மாது. நிறுத்தினா இங்கே இருட்டிடறது.”