ஒரு சாண் மேலே

"ஐயா, எங்க வூட்டுக்காரர மாடு குத்திக் கொல்லப் போவுது. ஆனா கொல்றது மாடு இல்ல."

கருப்பு பர்தா அங்கிக்குள்ளிருந்து வந்த இந்தப் பேச்சைக் கேட்டதும் பாவாடை ஆதிமூலத்தின் நாற்காலிக்குப் பின்னால் நகர்ந்துகொண்டான். ஆதிமூலம், இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் கான்ஸ்டபிளாக இருந்த பாவாடை, வேலையை விட்ட பிறகும் அவரை விடாமல் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தான். துப்புத் துலக்கும் ஆசை அவனுக்கு மலையளவு, தைரியம் கடுகளவு. கேட்டால் அவனே ஒப்புக்கொள்வான்.

வந்தவள் ஜீனத்துன்னிசா, கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் இரும்புக் கடை வைத்திருக்கும் சாதுல்லாவின் மனைவி. சாதுல்லா லைசென்ஸ் வாங்கிய வேட்டைக்காரர். சுட்ட தோட்டாக்களின் காலிக் கூடுகளை வீணாக்காமல் அவற்றில் வெடிமருந்தும் ஈயக் குண்டும் வீட்டிலேயே அடைப்பது வழக்கம். 1957-ஆம் வருஷக் கோடையில் கல்வராயன் மலையில் வெறி பிடித்த காட்டெருமை ஒன்று இரண்டு பேரைக் குத்திக் கொன்றிருந்தது. அதைச் சுடும் பொறுப்பு அவர் தலையில் விழுந்திருந்தது.

"ரெண்டு வாட்டி சுட்டாருங்க. ரெண்டும் தப்பிடுச்சி. குறி தப்பாத மனுசன். போன வாட்டி மாடு தொரத்தி, மரத்துல ஏறிப் பொழச்சாரு. இன்னிக்குச் சாய்ங்காலம் மறுபடி போயி நிக்கப்போறாரு. இதுவும் தப்பினா நான் இன்னா பண்ணுவேன்?"

"யார் மேலம்மா சந்தேகம்?"

அவள் தயங்கினாள். "கொழுந்தன் பஷீர் அகமது. முன்ன அவருதான் தோட்டா கட்டுவாரு. 'மருந்து ஜாஸ்தி போடலாண்ணே, வேகம் கம்மியா இருந்தா குண்டு மாட்டுத் தோல்லயே நின்னுடும், அப்பறம் உன் உசுரு போயிடும்'னு சொல்லிக்கினே இருப்பாரு. 'வச்ச எடத்துக்குப் போவாத வேகம் எதுக்குடா'ம்பாரு இவரு. ரெண்டு மாசம் முன்னால சண்ட பெருசாயி, இனிமே தோட்டாவத் தொடாதன்னுட்டாரு. அந்தக் கோவத்துல இன்னாவோ பண்ணிக்கிறாரு."

அங்கியை இழுத்துவிட்ட அவள் விரல்களில், மருதாணிச் சிவப்பின் மேல் கரி ஒட்டியிருந்தது. அடுப்படியிலிருந்து அப்படியே ஓடி வந்திருக்கிறாள் பாவம் என்று பாவாடை நினைத்தான்.

சாதுல்லாவின் வீட்டில் முதலில் டீ வந்தது. ஒரு வாய் குடித்ததும் பாவாடைக்கு உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டன, அத்தனை சர்க்கரை. வாசலில் பக்கிரி ஒருவர் பிச்சைக்குக் குரல் கொடுக்க, ஜீனத்துன்னிசா உழக்கில் அரிசி அள்ளிக்கொண்டு ஓடினாள். உழக்கின் மேல் அரிசி கோபுரமாக நின்று வழியெல்லாம் சிந்தியது. அவ்வளவு பயத்திலும் மகராசிக்குக் கை சுருங்கவில்லை.

ஆதிமூலம் தோட்டா கட்டும் மேஜையைப் பார்த்தார். மருந்து டப்பா, அளப்பதற்கு ஒரு சின்னப் பித்தளைக் கிண்ணி, மாடத்தில் சாதுல்லாவின் உடைந்த வாசிப்புக் கண்ணாடி. குறி தப்பிய இரண்டு காலித் தோட்டாக்களின் அடியில், மருந்தைப் பற்றவைக்கும் கேப்பு தட்டையாக நசுங்கியிருந்தது. ஓரத்துப் பெட்டியில் மூன்று தோட்டாக்கள் சுடப்படாமல் இருந்தன.

"அது கொழுந்தன் கட்டின மிச்சங்க. சண்டைக்கு அப்பறம் இவரு அதத் தொடறதில்ல."

ஆதிமூலம் அந்த மூன்றையும் எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சந்தேகப்பட்டவனின் தோட்டாவை ஐயா எதற்கு மலைக்குக் கொண்டுபோகிறார் என்று பாவாடைக்குப் புரியவில்லை. அவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்கவும் பயமாக இருந்தது.

கச்சிராயபாளையம் தாண்டி, பாதை முடிந்த இடத்தில் ஜீப்பை நிறுத்தினார்கள். சாதுல்லாவுக்குக் காடு காட்டும் பச்சமுத்து காத்திருந்தான். அவன் அழைத்துப்போய்க் காட்டிய இரண்டு மரங்களிலும் குண்டு பாய்ந்திருந்தது. மாடு நின்ற உயரத்துக்கு ஒன்று ஒரு சாண் மேலே, இன்னொன்று இரண்டு சாண் மேலே. இடது வலது என்று விரலளவுகூட விலகவில்லை.

"அது எங்க மலைச்சாமி கரியராமன் வுட்ட மாடுங்க. குண்டு அதுக்கு மேலதான் போவும்" என்றான் பச்சமுத்து. "சுட்ட காலித் தோட்டாவும் துப்பாக்கிக் குழல்ல சிக்கிக்கிச்சி. குச்சி வுட்டுக் குத்தினாத்தான் வெளிய வந்துச்சி. அதுக்குள்ள மாடு வந்துடுச்சிங்க."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். பாவாடைக்கு அன்றைக்குப் புதரெல்லாம் கொம்பாகத் தெரிந்தது. ஓடைக்கரையில் பாறை மறைவில் சாதுல்லா நின்றார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"என் கையே போயிடுச்சிங்க ஐயா. நடுங்குதோ இன்னாவோ."

"நடுங்கல பாய். உங்க பையில இருக்கிறத எறக்குங்க. இதப் போடுங்க."

"இது பஷீர் கட்டினதாச்சே."

"தெரியும். போடுங்க."

சாதுல்லா தோட்டாவை மாற்றினார். பாவாடை பாறையோடு ஒட்டிக்கொண்டான். இது பொய்த்தால் அந்தப் பெண்ணுக்கு யார் பதில் சொல்வது? அதற்குள் ஓடையின் எதிர்க்கரையில் மூங்கில் முறிந்தது. கருப்பாக, பெரிதாக, மூச்சு இரைக்க, காட்டெருமை இவர்களைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தியது. அது தண்ணீரில் இறங்கிப் பாய்ந்து வந்தபோது பாவாடை கண்களை இறுக மூடிக்கொண்டான். ஒரே ஒரு வெடி. கண்ணைத் திறந்தபோது மாடு ஓடை நடுவில் முழங்கால் மடிந்து சாய்ந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை சாதுல்லாவின் கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். பஷீர் அகமது தலையைத் தொங்கப் போட்டிருந்தான். திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது.

"கை நடுங்கினா குண்டு நாலா பக்கமும் சிதறும்" என்றார் ஆதிமூலம். "இங்க ரெண்டும் நேர் மேலதான் போயிருக்கு. பாய் கையில கோளாறு இல்ல, மருந்து கூடிப்போச்சு. அதனாலதான் குழல் எகிறிச்சு, கேப்பு நசுங்கிச்சு, தோட்டா சிக்கிச்சு. இன்னும் கொஞ்சம் கூடியிருந்தா துப்பாக்கியே முகத்துல வெடிச்சிருக்கும்."

"அப்போ பஷீர்தான்" என்றான் பாவாடை, முந்திக்கொண்டு.

"மாட்டைச் சாய்ச்சதே பஷீர் கட்டின தோட்டாதான்டா. அவருக்கு வேகமெல்லாம் வாயிலதான். கை அண்ணன் சொன்ன அளவைத் தாண்டல. கெடுக்கணும்னு நினைக்கிறவன் ஒரே கணக்கா கூட்டுவான். இதுல ஒண்ணு ஒரு சாண், ஒண்ணு ரெண்டு சாண். கணக்கே பார்க்காம அள்ளிப்போட்ட கை. பாய், உங்க வாசிப்புக் கண்ணாடி உடைஞ்ச பிறகு மருந்து அளந்தது யாரு?"

சாதுல்லா திரையைப் பார்த்தார்.

"அம்மா, எப்பவும் அளக்கிற மாதிரி ஒரு கிண்ணி அளந்து காட்டுங்க."

அவள் வந்தாள். விரலில் அந்தக் கரி இன்னும் போகவில்லை; அது அடுப்புக் கரி இல்லை, வெடிமருந்து என்று பாவாடைக்கு இப்போதுதான் தெரிந்தது. கிண்ணியில் மருந்தை அள்ளி நீட்டினாள். பக்கிரிக்குப் போட்ட அரிசி போலவே அது கோபுரமாக நின்றது. ஆதிமூலம் ஓர் அட்டையால் அதன் தலையைத் தட்டினார். மிச்ச மருந்து காகிதத்தில் உதிர்ந்தது.

"தலை தட்டி அளன்னுதாங்க அவரு சொன்னாரு" என்றாள் அவள். "குண்டு தோல்லயே நின்னுடும், உசுரு போயிடும்னு கேட்டுக் கேட்டு எனக்குத் தூக்கமே இல்ல. பக்கிரிக்கே நான் தலை தட்ட மாட்டேன். உசுரக் கையில புடிச்சிக்கினு போறவருக்குத் தட்டி அளக்க மனசு வரலீங்க." அவள் கிண்ணியைக் கீழே வைத்தாள். "அப்போ அவரக் கொல்லப் பாத்தது நான்தானா?"

பஷீர் முகத்தை மூடிக்கொண்டான். அவளைத் தூங்கவிடாமல் செய்த பேச்சு அவனுடையது. பாவாடைக்கு நேற்றுக் காட்டில் வந்ததைவிடப் பெரிய பயம் இப்போது வந்தது. இவ்வளவு ஆசை வைத்த கையாலேயே ஒரு மனிதன் செத்திருப்பான்.

சாதுல்லா எழுந்து போய் அந்த அட்டையை எடுத்து மனைவியின் கையில் வைத்தார்.

"பக்கிரிக்குத் தட்டாத, ஜீனத்து. எனக்குத் தட்டு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு கிண்ணி அள்ளி, மெதுவாகத் தலை தட்டினாள்.