தொண்ணூற்றேழாம் வயதின் ஒத்திகைச் சாவு

காலை 6.10. தோகாஷிகி செய்ஜுன் செத்தது போலப் படுத்திருந்தார். சுற்றி உட்கார்ந்து ஊரே பொய்யழுகை அழுதது. ஒகினாவாவின் வடகோடியில் இருக்கும் இந்த ஊரில், தொண்ணூற்றேழைத் தொட்டவர்களுக்கு எமனை ஏமாற்ற இப்படி ஓர் ஒத்திகைச் சாவு உண்டு. இன்று அவருக்கும் வெள்ளை உடை, முகத்தில் வெள்ளைத் துணி, தலைமாட்டில் குவித்த சோறு, அதில் நட்டமாக நின்ற இரண்டு சாப்பாட்டுக் குச்சிகள். அழுது முடித்ததும் கிழவர் எழுந்து சிரிக்க வேண்டும். கையில் காகிதக் காற்றாடியைக் கொடுத்து ஊர்வலம் விடுவார்கள்.

6.25. மருமகள் ரிக்கா, "போதும் மாமா, எந்திரிங்க" என்று துணியை எடுத்தாள். கிழவர் எழவில்லை. அப்புறம் அழுததுதான் நிஜ அழுகை.

6.50. போலீஸ் சார்ஜென்ட் யொனஹா வந்தாள். இதே ஊர்க்காரி, வாய்த்துடுக்கு அதிகம். இமையைத் தூக்கினாள். கண்வெள்ளையில் சிவப்புப் புள்ளிகள். உதட்டின் உள்ளே பல் பதிந்த காயம்.

"வயசாகிச் சாகல. யாரோ முகத்துல அமுக்கியிருக்காங்க."

தொண்ணூற்றேழு வயது மனுஷனைக் கொல்ல யாருக்கடா இவ்வளவு அவசரம்? ஊருக்கே ஆத்திரம் வந்தது.

ஐந்து மணியிலிருந்து, ஆறு மணிக்கு ஊர் கூடும் வரை, அந்த அறைக்குள் போனவர்கள் மூன்றே பேர்.

ரிக்கா: "அஞ்சு மணிக்கு உடுப்பு மாத்தினேன். இறுக்கிக் கட்டாதடின்னு திட்டினார்."

"இந்த ஆளு எப்போதான் போவாரோன்னு மீன்கடையில சொன்னியாமே?"

"இருபது வருஷமா பீ மூத்திரம் அள்ளுறேன். சொல்லக்கூட கூடாதா?"

அடுத்தவர் டோக்கியோ ஆராய்ச்சியாளர் ஹிசமாட்சு. நீண்ட ஆயுளின் மரபணுவைத் தேடி, அண்ணன் தங்கை ஜோடிகளின் இரத்தத்தை ஒப்பிட்டுப் பார்ப்பவர். செய்ஜுனும் தங்கை உஷியும் அவர் பட்டியலில் முதல் ஜோடி.

"அஞ்சே காலுக்கு ரத்த அழுத்தம் பார்த்தேன். நல்லாத்தான் இருந்தார். அப்புறம் ஆறு மணி வரைக்கும் அடுக்களையில ரிக்காகூட இருந்தேன்."

"அப்புறம் ஏன் சார் இப்படி வேர்க்குது?"

அவர் தலைகுனிந்தார். "வயசாக ஆக மரபணு மேல அடையாளம் விழும். எண்ணினா வயசு தெரியும். இவருக்கு எண்பத்தெட்டுன்னு காட்டுச்சு. உடம்பு ஒன்பது வருஷம் இளமையா இருக்குன்னு குதிச்சேன். தங்கச்சியோட ஒப்பிட்டப்பதான் விஷயம் புரிஞ்சது. ரெண்டு பேருக்கும் ஒட்டுமில்ல உறவுமில்ல. இளமையா இருந்தது உடம்பு இல்ல, ஆளே வேற. என் பத்து வருஷ உழைப்பு போச்சு."

"யார்கிட்ட சொன்னீங்க?"

"ரத்தம் கொடுத்தவங்களுக்கு முடிவைச் சொல்றது எங்க விதி. நேத்து உஷியம்மாகிட்ட கடிதம் கொடுத்தேன்."

7.40. எழுபத்தைந்து வயது உஷி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"சோறு வெச்சது நீங்கதானே?"

"அஞ்சரைக்கு. பேசிக்கிட்டேதான் இருந்தார்."

"குச்சியை நட்டது?"

"நான்தான்."

யொனஹா பெருமூச்சு விட்டாள். "உஷியம்மா, பொணத்துக்கு வெக்கிற சோத்துலதான் குச்சியை நடுவோம். விளையாட்டுக்கு நட்டாலே சின்ன வயசுல கையில அடி விழும். ஒத்திகையில படுக்கத்தான் வெப்போம். கண்ணு முழிச்சிருந்தா கெழவர் கிண்ணத்தையே தூக்கி எறிஞ்சிருப்பார். அந்த நேரம் மத்த ரெண்டு பேரும் அடுக்களையில இருந்தாங்க. நீங்க குச்சி நட்டப்போ ஒரு சாவு நிஜமா விழுந்திருந்தது."

உஷி மறுக்கவில்லை. "அது அவனுக்கு வெச்ச சோறு இல்லடி. எங்கண்ணனுக்கு."

பிறகு கொட்டினாள். "எனக்கு ரெண்டு வயசுல பட்டாளத்துக்குப் போன அண்ணன் மூஞ்சி எப்படி ஞாபகம் இருக்கும்? சண்டையில ஊரே செத்துச்சு, பதிவேடெல்லாம் எரிஞ்சுச்சு. அப்போ எனக்கு ஆறு வயசு. நான் இருந்த அநாதை முகாமுக்கு வந்தவன் 'நான்தான் செய்ஜுன்'னான், எழுதிக்கிட்டாங்க. இன்னைக்குக் கடிதத்தைக் காட்டினேன். சிரிச்சான்டி! சண்டையப்போ ரெண்டு பேரும் ஒளிஞ்சிருந்த குகையில ஒரே ஒரு புட்டி தண்ணி இருந்துச்சாம். எங்கண்ணனைக் குண்டுமழையில வெளிய தள்ளிட்டானாம். 'உன்னை வளர்த்தேனே, கணக்கு தீர்ந்துபோச்சு'ன்னான். உயிரோட இருக்கான்னு நம்பி எங்கண்ணனுக்கு ஒரு ஊதுபத்தி ஏத்தலியே நான்! வயிறு எரியுது."

யொனஹாவின் கண் கலங்கியது. ஆனாலும் படிவத்தை எடுத்தாள். கொல்லப்பட்டவர்: தோகாஷிகி செய்ஜுன் என்று எழுதத் தொடங்கினாள்.

உஷி காகிதத்தின் மேல் கையை அறைந்தாள். "அடிச்சிடு அதை! எங்கண்ணனை நான் கொல்லல."

"சரி. அப்போ இந்த ஆளோட நிஜப் பேரு என்ன?"

"சொல்லத்தான் வாயைத் திறந்தான். விடுவேனா? அப்பதான் துணியை வெச்சு அமுக்கினேன். அறுபத்தொன்பது வருஷம் எங்கண்ணன் அநாதைப் பொணமாக் கெடந்தான். இனிமே இவன் கெடக்கட்டும்."