ஹருவோவின் டிராம் டிக்கெட்

காலை ஒன்பதரைக்குச் சேந்தன் கண்வில்லைகளைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டான். காதுக்குள் பேசும் காதுமணியையும் கழற்றிப் பக்கத்தில் வைத்தான். மேற்பார்வையாளர் பர்வீன் சின்ன டார்ச்சை அவன் கண்ணில் அடித்து, கருவிழி விளிம்பில் நீலம் எதுவும் மின்னவில்லை என்று உறுதி செய்துகொண்டார்.

"வெறுங்கண். உக்காருங்க. இன்னிக்கு என்ன படம்?"

"ஜப்பான் அனிமே மேடம். 'சாம்பல் நகரத்துக் காவலர்கள்'. இருபத்தஞ்சு பகுதி."

"முன்னாடி பாத்திருக்கீங்களா?"

"இல்ல மேடம்."

பொய். ஆனால் அந்தக் கேள்விக்கு உண்மை சொன்னால் படத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். ஏற்கெனவே பார்த்த எதையும் சாட்சி பார்க்கக் கூடாது என்பது மூலப்படிக் காப்பகத்தின் முதல் விதி. பார்த்தவன் கவனம் சிதறும், அதனால்தான் அந்த விதி என்று சேந்தன் ஆறு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தான்.

காப்பகம் அம்பத்தூரில், மூடிப்போன மோட்டார் பாகத் தொழிற்சாலை ஒன்றில் இருந்தது. ஊரில் எல்லோரும் பார்ப்பது பொருத்தப்படிதான். கண்வில்லை ஆளை அறியும். அவன் குணத்துக்கு ஏற்றபடி படத்தைத் தைத்துக் கொடுக்கும். தையல்காரர் கை நீளத்தைக் கொஞ்சம் குறைப்பதுபோல என்றுதான் விளம்பரங்கள் சொல்லின. கதையில் கை வைக்க மாட்டோம் என்று கம்பெனிகள் நீதிமன்றத்தில் சத்தியம் செய்திருந்தன. அதற்குப் பதிலாக நீதிமன்றம் ஒன்று கேட்டது: ஒவ்வொரு படைப்புக்கும் ஒரு மூலப்படி பத்திரமாக இருக்க வேண்டும், அதை ஒரு மனிதன் சாட்சியாக வெறுங்கண்ணால் பார்த்து, கண்டதை மட்டும் கையால் எழுதிக் கையெழுத்திட வேண்டும். எழுதிய தாள்களை இதுவரை யாரும் வந்து கேட்டதில்லை. பட்டம் தேவைப்படாத வேலை. சேந்தனிடம் பட்டம் இல்லை.

ஐந்து வருடமாகப் பொருத்தம் படத்தோடு நிற்பதில்லை. நேர்ப்பேச்சுக்கும் வந்துவிட்டது. எதிரில் இருப்பவர் சுடுசொல் சொன்னால் காதுமணி அதை ஆற்றியோ மாற்றியோ தரும். முகம் கடுத்தால் வில்லை அதை இளக்கிக் காட்டும். சேந்தன் அதை அணைத்தே வைத்திருந்தான். பேருந்துக்கும் கதவுகளுக்கும் அடையாளம் காட்டத்தான் அவன் வில்லை போட்டான். நண்பர்கள் யாரும் இல்லாததால் அது சிரமமாகவும் இல்லை.

ஒருகாலத்தில் ஒருவன் இருந்தான். ஃபெலிக்ஸ். பாலிடெக்னிக் விடுதியில் இரண்டு பேருக்கும் ஒரே அறை. ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்குப் பின் வில்லை போட்டுக்கொண்டு கட்டிலில் தோளோடு தோள் உரச உட்கார்ந்து இந்த அனிமேயை வாரம் ஒரு பகுதியாகப் பார்த்தார்கள். போரில் எரிந்த தோக்கியோவில், தீயில் பிழைத்த சில குழந்தைகளுக்கு விசித்திர சக்தி வந்துவிடுகிறது. வளர்ந்ததும் அரசு அவர்களைப் பட்டியல் போடுகிறது. பட்டியலில் சேர்ந்தவன் நாயகன், சேராதவன் குற்றவாளி. கோயிச்சி டிராம் நடத்துநர். ஓடும் டிராமை உள்ளங்கையால் நிறுத்துவான். அவன் நண்பன் ஹருவோவின் உடம்பு இருட்டில் ஒளிரும். பத்தொன்பதாம் பகுதியில், 1960இல் அமெரிக்காவோடு போட்ட பாதுகாப்பு ஒப்பந்தத்தை எதிர்த்து மாணவர்கள் நடத்திய ஊர்வலம் முடிந்த மறுநாள், போலீஸ் அதிகாரி கோயிச்சியின் முன் ஒரு தாளை வைக்கிறார். மாணவர்களுக்கு இருட்டில் வழிகாட்டிய ஒளி மனிதன் யார்? பெயரை எழுது.

கோயிச்சி பேனாவை இரண்டாக உடைத்து மேசையில் வைத்துவிட்டுச் சிறைக்குப் போனான். ஷாமிசென்னின் நரம்பிசை ஒலித்தது. சேந்தனும் ஃபெலிக்ஸும் ஒரே நொடியில் அழுதார்கள். ஃபெலிக்ஸ் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "மனுஷன்னா இப்படி இருக்கணும்டா" என்றான்.

அடுத்த மாதம் விடுதிச் சமையல்கூடத்து வேலையாட்கள் நாற்பது பேரை நிர்வாகம் நீக்கியது என்று மாணவர்கள் வாயிற்கதவைப் பூட்டினார்கள். பூட்டுப் போட்டது சேந்தன், பக்கத்தில் நின்றது ஃபெலிக்ஸ். விசாரணையில், பூட்டியவன் பெயரை எழுது என்று இரண்டு பேர் முன்னாலும் தாள் வைத்தார்கள். சேந்தன் எழுதவில்லை. ஃபெலிக்ஸ் எழுதினான்: சேந்தன் என்று. இவன் வெளியேற்றப்பட்டான், அவன் படிப்பை முடித்தான். பதினோரு வருடமாகச் சேந்தனுக்கு ஒரே கேள்விதான். அதே காட்சியைப் பார்த்து, அதே நொடியில் அழுதவனுக்கு எப்படி மனசு வந்தது?

இன்று அந்தப் பேனா உடையும் சத்தத்தை இன்னொரு முறை கேட்க வேண்டும். அதற்காகத்தான் பொய் சொன்னான். வரிசைப்படி பார்க்கவும் பொறுமையில்லை. நேராகப் பத்தொன்பதுக்குப் போனான்.

அதிகாரி தாளை வைத்தார். கோயிச்சி பேனாவை எடுத்தான். ஹருவோவின் பெயரை எழுதினான். எழுத்து அழகாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனான்.

சேந்தன் பின்னால் ஓட்டிப் பார்த்தான். மூன்று முறை. பிறகு மீதி ஆறு பகுதிகளையும் ஓட்டிவிட்டான். இருட்டுச் சிறையறையில் ஹருவோவின் ஒளி மங்கிக்கொண்டே வந்து அணைந்தது. நான்கு வருடம் கழித்து ஒலிம்பிக் வந்தது. புதுச் சீருடையில் கோயிச்சி மணியடித்துக்கொண்டு டிராமில் போனான். நகரமே கை தட்டியது. படம் முடிந்தது.

பர்வீன் தேநீரோடு வந்தவர் அவன் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டார்.

"பாத்த படம்தானே?"

"ஆமா."

"அதுக்குத்தான்யா ஒவ்வொரு தடவையும் கேக்குறோம்." கோப்பையை வைத்தார். "நானும் எங்க வீட்டுக்காரரும் கல்யாணத்துக்கு முன்னாடி சேந்து பாத்த படம் ஒண்ணு அந்த அலமாரியில இருக்கு. இருபது வருஷம் ஆச்சு. நான் அந்தப் பக்கமே போறதில்ல."

"ரெண்டு பேர் சேந்து பாத்தா?"

"ஆளுக்கு ஒரு படம் ஓடும். இசை மட்டும் ஒண்ணு. அழுற எடமும் சிரிக்கிற எடமும் ஒரே நொடியில வர்ற மாதிரி தைப்பாங்க. அப்பத்தானே சேந்து பாத்த சந்தோஷம்?"

சேந்தன் தேநீரைத் தொடவில்லை. வில்லைகளை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

ஃபெலிக்ஸ் காட்டுப்பள்ளிப் பக்கம் கடல்நீர் ஆலை ஒன்றில் பொறியாளராக இருந்தான். மூன்று மணிக்கு ஆலையின் சிற்றுண்டிக் கூடத்தில், உப்புப் பூத்த ஜன்னல் ஓரமாக, சேந்தனைப் பார்த்ததும் எழுந்து நின்றான். தொப்பை போட்டிருந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

"டேய்! வந்துட்டியா!"

"துரோகி. ஒண்ணு கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்."

"இன்னும் அதே கிண்டல்! உக்காருடா, நிக்காத."

சேந்தன் உட்காரவில்லை. "பத்தொன்பதாம் பகுதி. கோயிச்சி முன்னாடி தாள் வைக்கிறாங்க. நீ என்ன பாத்தே?"

ஃபெலிக்ஸ் யோசிக்கவே இல்லை. "எழுதிக் குடுத்துடுவான். அம்மா படுக்கையில கெடப்பாங்க, வேற என்ன பண்ணுவான்? எங்கம்மாவும் அப்பப் படுக்கையிலதானே? ஆனா அது இல்லடா விஷயம். அப்புறம் ஹருவோ ஜெயில்லேருந்து நேரா டிராமுக்கு வருவான் பாரு. ஒரு டிக்கெட் கேப்பான். 'நீ கேட்டிருந்தா என் பேர நானே எழுதிக் குடுத்திருப்பேனே'ன்னு சொல்லுவான். அந்த எடத்துலதான் நாம அழுதோம். நான் உன் கையப் பிடிச்சேன். மனுஷன்னா இப்படி இருக்கணும்னு சொன்னேன். ஞாபகம் இருக்கா?"

அவன் அன்று சொன்னது ஹருவோவை, கோயிச்சியை இல்லை. சேந்தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"உன் பேர எழுதுறப்போ பயமே இல்லடா எனக்கு," என்றான் ஃபெலிக்ஸ். "சேந்தனும் அதத்தானே பாத்தான், அவனுக்குப் புரியும்னு நெனச்சேன். நீ ஒரு மாசத்துல வருவேன்னு பாத்தேன். ஒரு வருஷம் ஆச்சு. என் கல்யாணத்துக்காவது நீ வருவேன்னு பாத்தேன்."

பதினோரு வருடம் சேந்தனைத் தாங்கியது ஒரே ஒரு நினைப்புதான்: நான் எழுதவில்லை. இப்போது அதையும் தொட்டுப் பார்க்கப் பயமாக இருந்தது. பேனாவை உடைப்பவனைத்தான் இவனுக்குப் பிடிக்கும் என்று கண்டுபிடித்து எவனோ தைத்துக் கொடுத்த சட்டை அது. அதைப் போட்டுக்கொண்டுதான் விசாரணை அறைக்குள் போயிருக்கிறான். தைக்காமல் விட்டிருந்தால் என்ன செய்திருப்பான்? அவனுக்குத் தெரியவில்லை. இனிமேல் தெரியவும் வழியில்லை.

"நான் பாத்தது வேற," என்றான். "என் படத்துல அவன் பேனாவ உடைச்சான். ரெண்டுமே பொய். இன்னிக்கு மூலப்படிய வெறுங்கண்ணால பாத்தேன்."

ஃபெலிக்ஸின் சிரிப்பு முதல்முறையாகச் சற்றுக் குறைந்தது. "மூலப்படியில... ஹருவோ வந்தானா?"

ஆறு வருட வேலையில் கண்டதை மட்டுமே எழுதிய கை. சேந்தன் அவன் கண்ணைப் பார்த்துச் சொன்னான்.

"வரல. ஜெயில்லயே செத்துட்டான். கோயிச்சி ஒரு தடவைகூட அவனை நெனக்கல."

ஃபெலிக்ஸின் கண்கள் நிறைந்தன. மேசைக்கு மேலாகக் கையை நீட்டிச் சேந்தனின் கையைப் பற்றிக்கொண்டான்.

"எனக்குத் தெரியும்டா," என்றான். "வந்திருப்பான்னு எனக்குத் தெரியும்."

அப்போதுதான் சேந்தன் கவனித்தான். ஃபெலிக்ஸின் கருவிழியைச் சுற்றி மெல்லிய நீல வளையம். காதில் மணி.

"ஃபெலிக்ஸ். வில்லையக் கழட்டு."

"ஏன்டா?"

"என் மூஞ்சியப் பாரு. ஒரு நிமிஷம். கழட்டு."

ஃபெலிக்ஸின் கை கண்வரை போனது. விரல் இமையைத் தொட்டபடி நின்றது. வில்லை எதையோ மறைக்கிறது என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை என்பது அந்த விரல் நின்ற விதத்தில் தெரிந்தது. பிறகு கை மேசைக்கே திரும்பி வந்தது.

"வேணாம்டா," என்றான் மெதுவாக. "நீ வந்துட்டே. எனக்கு இது போதும்."

சேந்தன் எழுந்து வாசலை நோக்கி நடந்தான். கதவருகே திரும்பிப் பார்த்தபோது ஃபெலிக்ஸ் ஈரக் கண்களோடு சிரித்துக் கையசைத்துக்கொண்டிருந்தான், சேந்தன் நின்ற இடத்தில் நின்றிருந்த வேறு யாருக்கோ.