முப்பத்தோராவது கேள்வி

படப்பை ஷேர் ஆட்டோ ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஜெராக்ஸ் எடுக்க வருவதில்லை. கடையை நடத்தும் சசிரேகா, பதினெட்டு வருஷம் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் வருகைப் பதிவேடு பார்த்தவர். யாருடைய கார்டை யார் தேய்த்தார்கள் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். அந்தப் பேர் கடைக்கும் கூடவே வந்துவிட்டது.

புதன்கிழமை காலை மதிவதனி அங்கே வந்தபோது யூனிபார்மைக்கூட மாற்றவில்லை. இரவு ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்திருந்தாள்.

"அக்கா, நான் காப்பி அடிச்சேன்னு சொல்லப் போறாங்க," என்று ஒரு கடிதத்தை நீட்டினாள்.

ஒரகடத்துப் பயிற்சி மையம் ஒன்று அனுப்பிய கடிதம் அது. போன ஞாயிற்றுக்கிழமை அங்கே வாசிப்புத் தேர்வு நடந்தது. பத்திகளைப் படித்து, நாற்பது கேள்விகளுக்கு விடை வட்டங்களைக் கறுப்பாக்க வேண்டும். முதலிடம் பிடிப்பவருக்கு டிப்ளமோ படிப்பில் இலவச இடம். ஒரே பெஞ்சில் உட்கார்ந்த மதிவதனி, லோகேஷ் இருவரின் நாற்பது விடைகளும் ஒன்றாக இருந்தன. இருவரும் செய்த ஒரு தவறும்கூட அதே தவறுதான். நாளை பத்து மணிக்கு விசாரணை.

"லோகேஷ் இந்த வருஷம்தான் பிளஸ் டூ முடிச்சான். ஸ்கூல் ஃபர்ஸ்ட். நான் ஏழு வருஷமா லைன்ல நிக்கிறவ. யாரை நம்புவாங்க? அடுத்த மாசம் எனக்கு இருபத்தஞ்சு ஆயிடும்க்கா. அப்புறம் இந்தத் தேர்வை எழுதவே முடியாது." அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"அவன் உன் பேப்பரைப் பார்த்தானா?"

"நான் தலையையே தூக்கலக்கா. ஒரு மணி நேரத் தேர்வுக்கு அவன் அரை மணி லேட்டா வந்து பக்கத்துல உக்காந்தான். அவ்ளோதான் தெரியும்."

"மேடம்!" என்று வாசலில் ஒரு குரல் துள்ளியது. ஷேர் ஆட்டோ ஓட்டும் டில்லிபாபு. இரண்டு வருஷமாகத் தன்னைத் தானே சசிரேகாவின் உதவியாளராக நியமித்துக்கொண்டவன். "அன்னிக்கு அந்தப் புள்ளங்க என் வண்டிலதான் வந்துச்சுங்க! காப்பி அடிச்சது அந்தப் பையன்தான், எழுதி வெச்சுக்கோங்க!"

"உன் தீர்ப்பு அப்புறம். ஏறினதுலேருந்து இறங்கினது வரைக்கும் நடந்ததை மட்டும் சொல்லு."

"கொஸ்டின் பேப்பரை விரிச்சு வெச்சுகினு ஒவ்வொரு பதிலா ஒத்துப் பாத்துகினே வந்தாங்க. வாட்ச்மேன் கேள்விலதான் சண்டை."

மதிவதனி அந்தக் கேள்வியைச் சொன்னாள். காவலர் திங்கட்கிழமை இரவு பத்து மணிக்கு வேலைக்கு வருகிறார். நான்கு மணி நேரம் கழித்துக் கிடங்கின் கதவு திறந்து கிடப்பதைப் பார்க்கிறார். பார்த்தது எந்தக் கிழமை?

"இந்தப் பொண்ணு திங்கள்னுச்சு," என்றான் டில்லிபாபு. "அந்தப் பையன் சிரிச்சான் பாருங்க! 'பன்னெண்டு மணி தாண்டினா செவ்வாய், இதுகூடத் தெரியாதா'ன்னு. வண்டியே சிரிச்சுது."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, சிரிச்சவன் கப்சிப். மூஞ்சே மாறிப்போச்சு. அவன் வூடு படப்பைல கீது. ஆனா பாதி வழில, சேரப்பணஞ்சேரிலயே இறங்கிட்டான்."

சசிரேகா கடிதத்தை மறுபடி படித்தார். "தப்பு எந்தக் கேள்வியிலன்னு இதுல போடலை. ரொம்ப நல்லது. மதி, நாளைக்கு அங்கே அந்த வாட்ச்மேன் பேச்சை நீயா எடுக்காதே. போய்த் தூங்கு."

மறுநாள் விசாரணை அறையில் அதிகாரி இளம்பரிதி, இருவரின் விடைத்தாள்களும் உள்ள ஒட்டிய உறை ஒன்றை மேசைமேல் வைத்திருந்தார். லோகேஷ் இஸ்திரி மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தான். டில்லிபாபு கதவோரம் நின்றான். துணைக்கு வந்தவராகப் பேச அனுமதி வாங்கிக்கொண்ட சசிரேகா அவன் பக்கம் திரும்பினார்.

"தம்பி, ரெண்டு பேரும் எப்படி ஒரே தப்பைப் பண்ணீங்க?"

அவன் தயாராகத்தான் வந்திருந்தான். "அந்த வாட்ச்மேன் கேள்வி குழப்பமானது மேடம். நான் திங்கள்னு நினைச்சுப் போட்டேன். அவங்க என் ஷீட்டைப் பார்த்து அப்படியே போட்டுட்டாங்க."

"சார், தப்பு எந்தக் கேள்வின்னு யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்லையே. உறையையே இன்னும் பிரிக்கலை." இளம்பரிதி பிரித்துப் பார்த்தார். "முப்பத்தொண்ணு. காவலர் கேள்விதான். ரெண்டு பேரும் திங்கள்."

"நான் போட்டது எனக்குத் தெரியாதா?" என்றான் லோகேஷ்.

"தெரியணும். ஆனா ஞாயித்துக்கிழமை, தேர்வு முடிஞ்ச கையோட, ஆட்டோவுல திங்கள்னு சொன்ன இவளைப் பார்த்துச் சிரிச்சே. செவ்வாய்னு காரணத்தோட சொன்னே. வண்டி ஓட்டினவர் இதோ நிக்கிறார்." டில்லிபாபு நெஞ்சை நிமிர்த்தினான். "திங்கள்னு நினைச்சுப் போட்டவன் அப்படிச் சிரிப்பானா? நீ அரை மணி லேட். பத்தியைப் படிக்க நேரமில்லை. பக்கத்து வட்டங்களைப் பார்த்து நிரப்பினே. அந்தக் கேள்வியை நீ முதல் தடவை படிச்சதே ஆட்டோவுலதான். உன் ஷீட்ல இருக்கிறதும் இவ போட்ட திங்கள்தான்னு சிரிச்சு முடிச்சப்புறம்தான் உனக்கு உறைச்சுது. அதனாலதான் பாதி வழியில இறங்கினே."

இளம்பரிதி மதிவதனியைப் பார்த்தார். "நீங்க ஏம்மா திங்கள்னு போட்டீங்க?"

"சார், எங்களுக்கு சி ஷிப்ட். திங்கக்கிழமை ராத்திரி பத்துக்கு உள்ள போனா, காலைல ஆறு வரைக்கும் திங்கள்தான். ரெண்டு மணிக்கு மிஷின் நின்னாலும் லாக் புக்ல திங்கள்னுதான் எழுதுவோம்." அவள் உதட்டைக் கடித்தாள். "பேப்பர்ல அப்படி இல்லைன்னு எனக்கு அப்போ தோணவே இல்லை சார்."

"பதினெட்டு வருஷம் நானும் பதிவேட்டுல அப்படித்தான் எழுதினேன்," என்றார் சசிரேகா. "இது ராத்திரி ஷிப்ட்ல நின்னவங்க பண்ற தப்பு, சார். இந்தத் தம்பிக்கு அது சொந்தத் தப்பு இல்லை."

"பார்த்துதான் சார் போட்டேன்," என்றான் லோகேஷ், தலையைக் குனிந்தபடி.

இளம்பரிதி லோகேஷின் தாளைச் சிவப்பு மையால் குறுக்கே அடித்தார். மதிவதனியின் தாளில் 'முப்பத்தொன்பது, முதலிடம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சசிரேகா மதிவதனியின் தோளைத் தட்டிக்கொடுத்தார். டில்லிபாபு அதற்குள் வெளியே ஓடிப்போய் ஹாரனை அமுக்கிக்கொண்டிருந்தான்.

"வகுப்பு அடுத்த செவ்வாய்க்கிழமை ஆரம்பம்மா," என்றார் இளம்பரிதி. "காலைல ஒன்பது மணி. திங்கட்கிழமை ராத்திரியே வந்து நிக்காதீங்க."

மதிவதனி வாய்விட்டுச் சிரித்தாள். "திங்கள் ராத்திரி எனக்குக் கடைசி ஷிப்ட் சார். அது முடிஞ்ச உடனே வந்துடுவேன்."