வாள்பிடியில் ஒரு முடிச்சு

சனிக்கிழமை காலையில் அழைப்பு மணி அடித்ததும் ஹர்ஷிணி கதவைத் திறக்கப் போகாமல் அப்படியே நின்றாள்.

அம்மாவிடம் டியூஷன் படிக்க வரும் பிள்ளைகள் மணியே அடிக்க மாட்டார்கள். செருப்பை உதறிவிட்டு நேரே மாடிக்கு ஓடிவிடுவார்கள். மணி அடிப்பவர்கள் எல்லோரும் அப்பாவைத் தேடி வருகிறவர்கள். அவர்கள் கையில் துணி சுற்றிய நீளமான பொட்டலம் இருக்கும். அதற்குள் பழைய கத்தியோ வாளோ இருக்கும்.

அப்பாவுக்கு அதில்தான் பைத்தியம். பம்பு கம்பெனி வேலை முடிந்து வந்ததும் பழைய கத்திகளோடு உட்கார்ந்துவிடுவார். எது எந்தக் காலத்தது, எந்தப் பக்கத்தில் செய்தது, போருக்கா வேட்டைக்கா என்று பார்த்துச் சொல்வார். ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன அட்டையில் விவரம் எழுதிக் கட்டிவிடுவார். ரொம்பப் பிடித்துப் போனால் அட்டையின் கடைசியில் 'அரியது' என்று எழுதுவார். அந்த வார்த்தையை அவர் சுலபத்தில் எழுதிவிட மாட்டார்.

டார்ச் பிடிப்பது ஹர்ஷிணியின் வேலை. "கொஞ்சம் சாய்ச்சுப் பிடி. வெளிச்சம் பக்கவாட்டுல விழுந்தாதான் இரும்பு பேசும்" என்பார் அப்பா.

மாசி மாதம் அப்பா இறந்துபோனார்.

அது தெரியாதவர்கள் இன்னும் வந்துகொண்டிருந்தார்கள். அம்மாதான் அவர்களிடம் சொல்வாள். ஹர்ஷிணி அந்த வார்த்தையை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பள்ளியில்கூட டீச்சர்தான் வகுப்புக்குச் சொன்னார்.

மணி மறுபடியும் அடித்தது. மாடியில் பிள்ளைகள் ஏழாம் வாய்ப்பாட்டைக் கத்திக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்குக் கேட்டிருக்காது.

ஹர்ஷிணி கதவைத் திறந்தாள். வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் நின்றிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. போர்வை சுற்றிய பொட்டலத்தைக் குழந்தையைப் போல் நெஞ்சோடு பிடித்திருந்தார்.

"ஏனுங்க அம்மணி, உதய் சார் ஊடு இதுதானுங்களா?"

"ஆமாங்க."

"சார் இருக்காருங்களா?"

ஹர்ஷிணி வாயைத் திறந்தாள். சொல்ல வேண்டியது வரவில்லை. வேறொன்று வெளியே வந்தது.

"அப்பா வெளியே போயிருக்காங்க."

"அப்படீங்களா? பரவால்லீங்க. பல்லடத்துல இருந்து வாரேன். சித்த நேரம் இருந்து பார்த்துப்போட்டே போறேன்."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. வேறு வழியில்லாமல் உள்ளே கூப்பிட்டு, சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் சோபாவில் உட்கார்ந்தார். எதிரே இருந்த நாற்காலியில் ஹர்ஷிணி உட்கார்ந்தாள். பின்னால் இருக்கும் சுவரைப் பார்க்காமல் உட்காருவதற்கென்றே அந்த நாற்காலியை அவள் திருப்பிப் போட்டிருந்தாள்.

பெரியவர் பாதித் தண்ணீரைக் குடித்துவிட்டு நிமிர்ந்தார். அவர் பார்வை அவள் தலைக்கு மேலே போய் நின்றது. பிறகு குனிந்து, பொட்டலத்தின் கட்டை ரொம்ப மெதுவாக அவிழ்த்தார்.

"அம்மா மாடியிலதான் இருக்காங்க. கூப்பிடட்டுங்களா, தாத்தா?" என்றாள் ஹர்ஷிணி. கூப்பிட வேண்டாம் என்று அவர் சொல்ல வேண்டுமே என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டாள். "தாத்தான்னு சொல்லிட்டேன், தப்பா நினைச்சுக்காதீங்க."

"தாத்தான்னே கூப்புடு கண்ணு. எங்கூட்டுல அப்படிக் கூப்பிட ஆளில்லை. பாடம் முடியட்டும், அவசரமில்லை. என் பேரு பாலுசாமி. நாலு தறி வெச்சு ஓட்டறேன்."

போர்வை விலகியது. உள்ளே ஒரு வாள் இருந்தது. லேசாக வளைந்திருந்தது. அலகு முழுக்கத் துரு. பிடியில் கறுப்பாக நூல் சுற்றியிருந்தது.

"பஸ்ல இதை எப்படிக் கொண்டுவந்தீங்க?"

"கண்டக்டரு கேட்டாரு. தறிச் சாமானுன்னு சொல்லிப்போட்டேன். 'எந்தத் தறியில இவ்வளவு வளைஞ்ச சாமான் இருக்கு'ன்னாரு. அவருக்கும் தறி தெரிஞ்சிருக்குது, பாரு என் நேரத்தை!"

ஹர்ஷிணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பு அவர் முகத்தில் மெல்லக் கரைந்தது.

"எங்க பையன் மோகன்குமார் வாங்குனது. வேலைக்குப் போயி மொதோ சம்பளத்துல வாங்குனான். ஒரு பாளையக்காரரோட வாளு, இருநூறு வருசம் பழசுன்னு சொல்லிக் குடுத்திருக்காங்க. போன ஐப்பசியில வண்டியில போறப்ப லாரி மோதி..." அவர் மிச்சத்தைச் சொல்லவில்லை. "அவன் படிச்ச ஸ்கூலுல பழைய பொருளெல்லாம் ஒரு ரூம்ல வெக்கறாங்களாம். வர்ற வெள்ளிக்கிழமை விழா. அவன் பேரு போட்டுப் பலகை எழுதி, இதை வெக்கறோம்னு சொல்லியிருக்காங்க. விவரம் தெரிஞ்சவங்க ஒருத்தரு 'பழசுதான்'னு சொல்லிட்டா போதுமாம். அதுக்குத்தான் அப்பாவைப் பார்க்க வந்தேன்."

ஹர்ஷிணி வாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைகள் அவளைக் கேட்காமலே அப்பாவின் மேசை இழுப்பறையைத் திறந்து டார்ச்சையும் பூதக்கண்ணாடியையும் எடுத்தன.

"நான் சும்மா பார்க்கட்டுங்களா, தாத்தா?"

"பாரு கண்ணு. நல்லாப் பாரு."

அவள் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தாள்.

முதலில் துரு. நெடுங்காலத் துரு வறுத்த காப்பிக்கொட்டை போலக் கறுத்திருக்கும். இது செங்கல் நிறத்தில், எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருந்தது. யாரோ அவசரமாகத் துருவேற்றியது போல.

அடுத்தது தடிமன். பழைய வாள் பிடிக்குப் பக்கத்தில் தடித்திருந்து நுனிக்குப் போகப் போக மெலியும். இது பள்ளி ஸ்கேல் மாதிரி முழுக்க ஒரே தடிமன்.

'இதுவரைக்கும் பார்த்ததெல்லாம் தப்பா இருக்கட்டும்' என்று நினைத்துக்கொண்டே பிடியைப் பார்த்தாள். நூல் ஓர் இடத்தில் கொஞ்சம் நகர்ந்திருந்தது. அந்த இடுக்கில், புழு ஊர்ந்தது போல் நெளிநெளியாக ஒரு தடம்.

அந்தத் தடம் அவளுக்குத் தெரியும். வீட்டு வாசல் கேட்டில் கம்பியும் கம்பியும் சேரும் இடமெல்லாம் அதே தடம்தான். வெல்டிங்.

இருநூறு வருடத்துக்கு முன்னால் வெல்டிங் கடை ஏது?

"என்ன கண்ணு? நல்ல பழசுதானே? நூலைக்கூடப் பாரு, எவ்வளவு கறுத்துப் போயிருக்குது. அந்தக் காலத்து நூலு."

பாலுசாமியின் கண்கள் அவள் முகத்திலேயே இருந்தன. 'ஆமாங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் சந்தோஷமாகப் போய்விடுவார். ஆனால் வெள்ளிக்கிழமை விழாவுக்கு இரும்பு தெரிந்த ஒருவர் வந்தால்? பலகையில் மோகன்குமார் பெயர் இருக்கும். எல்லோரும் சிரிப்பார்கள். பதில் சொல்ல அந்த அண்ணனும் இருக்க மாட்டார்.

அப்பா இருந்தால் என்ன செய்வார்? அப்பா அவசரப்பட மாட்டார். முழுக்கப் பார்த்து முடிக்கும்வரை வாயைத் திறக்க மாட்டார். பார்ப்பது மட்டுமில்லை, மோந்தும் பார்ப்பார். அம்மா அதற்காக அவரைக் கேலி செய்வாள்.

ஹர்ஷிணி பிடியை மூக்குக்கு அருகில் கொண்டுபோனாள். மெஷின் எண்ணெய் வாசனை. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். நூல் ஒரே சீராக, இழை பிசகாமல் சுற்றப்பட்டிருந்தது. வெல்டிங் தடத்தின் மேல் மட்டும் இரண்டு மடிப்பு. அதன் முடிவில், எறும்புத் தலை அளவு ஒரு முடிச்சு.

"தாத்தா, இந்த முடிச்சைக் கொஞ்சம் பாருங்களேன். இது என்ன முடிச்சு?"

பாலுசாமி கண்ணாடியை வாங்கிக் கண்ணுக்கும் வாளுக்கும் நடுவில் பிடித்தார். கண்ணாடியை இன்னும் கிட்டே கொண்டுபோனார்.

மாடியில் ஒரு பையன் 'ஏழெட்டு... ஏழெட்டு...' என்று திணறிக்கொண்டிருந்தான்.

"இது தறியில போடற முடிச்சு கண்ணு" என்றார் பாலுசாமி. குரல் மாறியிருந்தது. "ஓடறப்ப இழை அத்துப்போச்சுன்னா இப்படித்தான் முடிச்சுப் போடுவோம். ஆனா மத்தவங்க போட்டா முடிச்சு இக்கட்டால, இந்தப் பக்கமாச் சாயும். எனக்கு இடக்கை. நான் போட்டா அக்கட்டால, அந்தப் பக்கமாச் சாயும். எங்கிட்டப் படிச்சதால மோகனுக்கும் அப்படியே வந்துபோச்சு. இது..." விரல் நுனியால் அந்த முடிச்சைத் தொட்டார். "இது அவன் போட்டது. அந்தக் காலத்து நூலில்லை, என் தறி நூலு. எண்ணெயில தோய்ச்சுக் கறுப்பாக்கியிருக்கான். எனக்குத் தெரியாமச் சுத்தியிருக்கானே! எதுக்கு?"

ஹர்ஷிணி மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"அதுக்கு அடியில வெல்டிங் இருக்குங்க தாத்தா."

அவள் டார்ச்சைச் சாய்த்தாள். அவர் அந்த இடுக்கைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"அப்ப இது பழசில்லையா?"

"இல்லைங்க. புதுசு. அந்த அண்ணனை ஏமாத்தியிருக்காங்க. அப்புறம் அண்ணனுக்கே அது தெரிஞ்சுபோயிருக்கு. வெல்டிங் மேலதான் ரெண்டு மடிப்பா சுத்தியிருக்காங்க. நீங்க பார்த்துடக் கூடாதுன்னு."

பாலுசாமி வாளை மடியில் வைத்துக்கொண்டார்.

"வாங்கிட்டு வந்த அன்னிக்கே நான் டீக்கடை, தறிக்கூடம், கோயில்னு ஒரு இடம் பாக்கி வெக்கலை. எம்பையன் ராசா வாளு வாங்கியிருக்கான்னு ஊரெல்லாம் சொல்லிப்போட்டேன். நான் ஊருல தலைகுனியக் கூடாதுன்னுதான்..." தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று ஹர்ஷிணி நினைத்தாள். அழத்தான் செய்தார். ஆனால் நடுவில் சிரிக்கவும் செய்தார். "எமகாதகன். எங்கிட்டயே மறைச்சுப்போட்டான் பாரு. நாப்பது வருசமா நூலுலயே கெடக்கறவன் கண்ணுல, நூலை வெச்சே மண்ணைத் தூவிட்டான்!"

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஹர்ஷிணியைப் பார்த்தார்.

"உங்கப்பா இருந்திருந்தாலும் இதேதான் சொல்லியிருப்பாரு கண்ணு. இவ்வளவு பக்குவமாச் சொல்லியிருப்பாரோ என்னமோ."

ஹர்ஷிணி திடுக்கிட்டாள். அவர் பார்வை அவளைத் தாண்டி, அவள் தலைக்கு மேலே இருந்த சுவருக்குப் போனது. அங்கே அப்பாவின் படம் இருந்தது. சந்தன மாலை. கீழே ஒரு சின்னச் சிவப்பு விளக்கு.

"உங்களுக்குத் தெரியுமா?"

"உக்காந்ததும் பார்த்துட்டேன்."

"அப்புறம் ஏன் ஒண்ணுமே சொல்லலை?"

"நீ வெளியே போயிருக்காருன்னு சொன்னே. நீயாச் சொல்ற வரைக்கும் அப்படியே போயிருக்கட்டுமேன்னு இருந்துட்டேன். எங்கூட்டுக்காரி முத்தாத்தா இன்னும் ராத்திரி மூணு தட்டுத்தான் எடுத்து வெக்கறா. நான் ஒண்ணுஞ் சொல்றதில்லை."

ஹர்ஷிணி தன் கைகளைப் பார்த்தாள். பூதக்கண்ணாடியின் பிடியில் அப்பாவின் விரல் பட்டுப்பட்டு மரம் வழவழப்பாகியிருந்தது.

"அப்பா மாசி மாசம் இறந்துட்டாங்க தாத்தா" என்றாள்.

சொல்லி முடித்ததும் கண்ணீர் வந்தது. அவர் தடுக்கவில்லை. தான் பாதி குடித்துவிட்டு வைத்திருந்த சொம்பை அவள் பக்கம் நகர்த்தினார். அப்புறம் அது எச்சில் என்று ஞாபகம் வந்து மறுபடி தன் பக்கமே இழுத்துக்கொண்டார். அழுகைக்கு நடுவிலும் ஹர்ஷிணிக்குச் சிரிப்பு வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவர் போர்வையை விரித்தார். "ஸ்கூலுக்கு வேற ஏதாச்சும் குடுக்கலாம். அவன் பேரைப் போட்டு ஒரு பீரோ நிறையப் புத்தகம் வாங்கி வெக்கலாம். இது எங்கூட்டுலயே இருக்கட்டும்."

"கொஞ்சம் இருங்க தாத்தா."

ஹர்ஷிணி இழுப்பறையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து, அப்பாவைப் போலவே சின்ன எழுத்தில் எழுதினாள்.

'வாள். புதியது. பிடியில் நூல் சுற்றியவர்: மோகன்குமார், பல்லடம்.'

யோசித்தாள். அதற்குக் கீழே 'அரியது' என்று எழுதினாள்.

பாலுசாமி எழுத்துக் கூட்டிப் படித்தார். அட்டையைப் பிடியில் அவரே கட்டினார். முடிச்சு அக்கட்டால சாய்ந்தது.

"போயிட்டு வாரேன் கண்ணு."

"கண்டக்டர் கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"என் பையன் வாளுன்னு சொல்லுவேன்" என்றார்.

அவர் கேட்டைச் சாத்தும்போது, கம்பிகள் சேரும் இடத்தை ஒருமுறை குனிந்து பார்த்ததை அவள் பார்த்தாள்.

மாடியில் வாய்ப்பாடு முடிந்து பிள்ளைகள் தடதடவென்று இறங்கி ஓடினார்கள். பின்னாலேயே அம்மா வந்தாள்.

"யாரு ஹர்ஷி வந்தது?"

"அப்பாவைப் பார்க்க வந்தாங்கம்மா."

அம்மாவின் முகம் சட்டென்று வாடியது. "என்னைக் கூப்பிட்டிருக்கலாமே. என்ன சொன்னே?"

"சொல்லிட்டேன்மா."

அம்மா அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். பிறகு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

ஹர்ஷிணி தன் நாற்காலியைச் சுவரின் பக்கம் திருப்பிப் போட்டாள். உட்கார்ந்து, மாசி மாதத்துக்குப் பிறகு முதல் முறையாக அந்தப் படத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பா," என்றாள், "வெல்டிங்கைக் கண்டுபிடிச்சது நான். டார்ச்சும் நானேதான் பிடிச்சேன்."